டொர்னேடோவின் வலிமையை அளப்பது எப்படி: இடிபாட்டிலிருந்து காற்றின் வேகத்தைக் கணக்கிடும் முறை

டொர்னேடோவின் வலிமையைச் சொல்லச் செய்திகளில் வரும் ‘இ.எஃப் 3’, ‘இ.எஃப் 4’ போன்ற எண்கள் எந்தக் கருவியிலும் பதிவாகி வந்தவை அல்ல. டொர்னேடோ, அதாவது இடிமேகத்திலிருந்து தரைவரை இறங்கும் சுழல்காற்று, கடந்து போன பிறகு, விழுந்த வீட்டையும் முறிந்த மரத்தையும் பார்த்து, இதை இப்படி ஆக்க எவ்வளவு காற்று அடித்திருக்க வேண்டும் என்று பின்னோக்கிப் போட்ட கணக்கு அது. பெரும்பாலான டொர்னேடோக்களின் அகலம் சில நூறு மீட்டருக்குள் அடங்கிவிடும். ஆயுளோ சில நிமிடங்கள்தான். நிறுவி வைத்த காற்றுமானி ஒன்றின்மீது அது நேராக வந்து ஏறுவது அபூர்வம். ஏறினாலும், பறந்து வரும் மரக்கட்டையும் தகரமும் கருவியை விட்டுவைப்பதில்லை.

அதனால் இந்த வேலையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி ‘எவ்வளவு சேதம்?’ அல்ல, ‘சேதமான பொருள் எவ்வளவு உறுதியாகக் கட்டப்பட்டிருந்தது?’ என்பதே. கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் வருகிறது. டொர்னேடோக்கள் மிக அதிகமாக அடிக்கும் நாடு அமெரிக்கா; முறை உருவானதும் அங்கேதான். ஆகவே அமெரிக்க தேசிய வானிலை சேவையின் கள ஆய்வு முறையையே இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

அளவுகோல்

1970 மே 11 அன்று டெக்சஸ் மாநிலத்தின் லபக் நகரை ஒரு டொர்னேடோ தாக்கியது. அந்தச் சேதத்தைக் கூர்ந்து ஆராய்ந்தவர்களில் சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர் டெட்சுயா ஃபுஜிட்டாவும் ஒருவர். அடுத்த ஆண்டே, 1971-ல், எஃப் 0 முதல் எஃப் 5 வரையிலான அளவுகோலை அவர் வெளியிட்டார். சேத விவரிப்பில் அது அருமையான வேலை. ஆனால் ஒவ்வொரு படிக்கும் அவர் கொடுத்த காற்று வேகம் சோதித்துப் பெற்றதல்ல. எஃப் 5 என்றால் மணிக்கு 419 முதல் 512 கி.மீ. என்றார். ஒரு சாதாரண மரச்சட்ட வீடு இதைவிட எவ்வளவோ குறைந்த காற்றிலேயே தரைமட்டமாகிவிடும் என்பதைப் பொறியாளர்கள் பிறகு காட்டினார்கள்.

டெக்சஸ் டெக் பல்கலைக்கழகத்தில் பொறியாளர்களும் வானிலையாளர்களும் சேர்ந்து இதைத் திருத்தினார்கள். மேம்படுத்தப்பட்ட ஃபுஜிட்டா அளவுகோல், அதாவது இ.எஃப், 2007 பிப்ரவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் வேக எல்லைகள், மணிக்குக் கிலோமீட்டரில்:

இ.எஃப் 0: 105–137
இ.எஃப் 1: 138–177
இ.எஃப் 2: 178–217
இ.எஃப் 3: 218–266
இ.எஃப் 4: 267–322
இ.எஃப் 5: 322-க்கு மேல்

இவை தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில், 3 விநாடி நீடிக்கும் வீச்சின் வேகங்கள். மூலத்தில் மைல் கணக்கில் இருப்பதால்தான் எல்லைகள் இப்படி உடைந்த எண்களாக வருகின்றன. படிகளுக்கு இடையே உள்ள இடைவெளி சிறியதாகத் தோன்றலாம். ஆனால் காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். 137 கி.மீ. காற்று ஒரு சுவரைத் தள்ளும் விசையோடு ஒப்பிட்டால், 322 கி.மீ. காற்றின் விசை ஏறத்தாழ ஐந்தரை மடங்கு.

முதல் படி: கிளம்பும் முன் ரேடாரைப் படியுங்கள்

களத்துக்குப் போகும் முன்பே, எந்த வழியாக அது போயிருக்கும் என்பதை வரைபடத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். டாப்ளர் ரேடாரில் நம்மை நோக்கி வரும் காற்றும் விலகிப் போகும் காற்றும் பக்கத்துப் பக்கத்தில் தெரியும் இடத்தைப் பாருங்கள். இரண்டின் உச்ச வேகங்களைக் கூட்டி இரண்டால் வகுத்தால் சுழற்சி வேகம் கிடைக்கும். அடுத்து ஒத்திசைவுக் கெழு: ரேடார் காணும் துகள்கள் எவ்வளவு ஒரே மாதிரியானவை என்று காட்டும் எண். மழைத்துளி மட்டும் இருக்கும் இடத்தில் இது 1-ஐ ஒட்டி நிற்கும். கூரைத் துண்டு, காப்புப் பஞ்சு, இலை, மண் என்று கலவையாகப் பறக்கும் இடத்தில் 0.8-க்கும் கீழே இறங்கிவிடும். வலுவான சுழற்சி இருக்கும் அதே இடத்தில் இந்தப் பள்ளமும் இருந்தால், தரையில் எதையோ அது பிய்த்திருக்கிறது என்று பொருள்.

இந்தச் சுழற்சி வேகத்தையே தரையிலுள்ள காற்று வேகமாக எடுத்துக்கொள்வது பெரிய தவறு. 0.5 டிகிரி சாய்வில் கிளம்பும் ரேடார் கற்றை 100 கி.மீ. தொலைவில் தரையிலிருந்து சுமார் ஒன்றரை கி.மீ. உயரத்தில் இருக்கும். அங்கே கற்றையின் அகலமும் ஒன்றரை கி.மீ. அளவுக்கு விரிந்திருக்கும், 200 மீட்டர் அகலச் சுழல் அதற்குள் கரைந்துபோகும். எங்கே தேட வேண்டும் என்பதை ரேடார் சொல்லும், அவ்வளவே.

இரண்டாம் படி: டொர்னேடோதானா என்று உறுதி செய்யுங்கள்

இடிமேகத்திலிருந்து கீழே பாய்ந்து தரையில் விரியும் கீழிறங்கு காற்று மணிக்கு 150 கி.மீ.க்கு மேலும் போகும். கூரையைப் பிடுங்கும், மரத்தைச் சாய்க்கும். இரண்டையும் பிரித்துக் காட்டுவது விழுந்த திசை. கீழிறங்கு காற்றில் மரங்கள் ஒரே பக்கமாக, அல்லது விசிறிபோல் வெளிநோக்கி விரிந்து சாய்ந்திருக்கும். டொர்னேடோவில் பாதையின் இரு ஓரத்து மரங்களும் நடுக்கோட்டை நோக்கிச் சாய்ந்திருக்கும்; ஒன்றின்மேல் ஒன்று குறுக்காகவும் கிடக்கும். ஒவ்வொரு மரமும் விழுந்த திசையைத் திசைகாட்டியில் டிகிரியாகக் குறியுங்கள். நான்கைந்து மரத்தை வைத்து முடிவுக்கு வராதீர்கள். வலுக்குறைந்த டொர்னேடோ வேகமாக நகர்ந்தால் அதன் வலப்பக்க மரங்கள் எல்லாம் ஒரே திசையில் கிடக்கும், பார்ப்பவரை ஏமாற்றும்.

மூன்றாம் படி: பாதையைக் குறுக்காக வெட்டுங்கள்

சேதப் பாதையின் நீளவாக்கிலேயே காரை ஓட்டிக்கொண்டு போனால் மோசமான இடங்கள் மட்டும்தான் கண்ணில் படும். பாதையைக் குறுக்கே வெட்டும் சாலைகளைத் தேர்ந்தெடுத்து, சேதமே இல்லாத இடத்தில் தொடங்கி, சேதத்துக்குள் நுழைந்து, மறுபுறம் சேதமில்லாத இடம் வரை போக வேண்டும். அப்போதுதான் அகலம் சரியாகக் கிடைக்கும். தொடக்கப் புள்ளியையும் முடிவுப் புள்ளியையும் இப்படியே கண்டுபிடிக்க வேண்டும். அங்கே சில கிளைகள் முறிந்திருப்பதைத் தவிர வேறொன்றும் இருக்காது.

ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஜி.பி.எஸ். இடக்குறிப்போடு புகைப்படம் எடுங்கள். வீட்டின் நான்கு பக்கமும், சுற்றுப்புறம் தெரியும் அகலமான படம் ஒன்று, அதன்பின் சுவர் தரையைத் தொடும் இடத்தின் நெருக்கமான படங்கள், அளவு நாடா வைத்து. தேசிய வானிலை சேவையில் இதற்கென்றே கைப்பேசியில் இயங்கும் சேத மதிப்பீட்டுச் செயலி இருக்கிறது. புள்ளியைப் பதிந்தவுடன் அது வரைபடத்தில் ஏறிவிடும்.

தாமதம் இங்கே பெரும் எதிரி. மறுநாளே புல்டோசர் வந்துவிடும். வீட்டுக்காரர் மீதமுள்ள பொருளைத் தேடி இடிபாட்டைப் புரட்டுவார். அது அவர் உரிமை, தடுக்கவும் கூடாது. ஆனால் குவியல் இடம் மாறிய பிறகு எடுத்த படம் தப்பான கதையைச் சொல்லும். மீட்புப் பணி முடிந்த கையோடு, முதல் ஒன்றிரண்டு நாளுக்குள் மையப் பகுதியைப் பார்த்துவிடுங்கள்.

நான்காம் படி: சேதங்காட்டியும் சேதப்படியும்

இ.எஃப் முறையில் 28 சேதங்காட்டிகள், அதாவது சேதத்தைப் பார்த்து வேகத்தைக் கணிக்க உதவும் கட்டட, மர வகைகள், உண்டு. சிறு களஞ்சியம் முதல் எண்; ஒன்றிரண்டு குடும்பம் வாழும் வீடு இரண்டாவது. தொடர்ந்து நடமாடும் வீடுகள், அடுக்குமாடிக் குடியிருப்பு, பள்ளிக்கூடம், கடைவளாகம், மின்கம்பம் என்று போய், இலையுதிர் வன்மரமும் ஊசியிலை மென்மரமும் 27, 28-ஆக முடிகின்றன. எது சேதமானதோ அதற்குரிய காட்டியைத் தேர்ந்து, அந்தக் காட்டிக்குள் எந்தச் சேதப்படி பொருந்துகிறது என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு படிக்கும் மூன்று வேகங்கள் உண்டு: எதிர்பார்க்கும் வேகம், கீழ் எல்லை, மேல் எல்லை.

வீட்டுக்குப் பத்துச் சேதப்படிகள்; அவற்றில் முக்கியமானவை இவை. கண்ணுக்குத் தெரியும் சேதம் தொடங்குவது 105 கி.மீ.யில். கூரை மேலுறையில் ஐந்தில் ஒரு பங்குக்குள் போயிருந்தால் 127. கூரைப் பலகை தூக்கப்பட்டு, கராஜ் கதவு உள்நோக்கி மடங்கியிருந்தால் 156. கூரையின் பெரும்பகுதி போய், சுவர்கள் பெரும்பாலும் நின்றால் 196. வெளிச்சுவர்கள் விழுந்தால் 212. உள்ளே சிறு அறை ஒன்றிரண்டு மட்டும் நின்றால் 245. எல்லாச் சுவரும் விழுந்தால் 274. நன்றாகக் கட்டிய வீடு முழுதும் அழிந்து, கான்கிரீட் தளம் துடைத்துவிட்டாற்போல் கிடந்தால் 322. இவை எல்லாம் எதிர்பார்க்கும் வேகங்கள். கடைசிப் படியின் கீழ் எல்லை 266, மேல் எல்லை 354. அதாவது தளம் துடைக்கப்பட்ட வீடும் இ.எஃப் 3-ஆக முடியலாம். எங்கே முடிகிறது என்பதைக் கீழே வரும் ஐந்தாம் படி தீர்மானிக்கிறது.

ஐந்தாம் படி: இணைப்புகளை மண்டியிட்டுப் பாருங்கள்

வீடு அதன் மிக பலவீனமான இணைப்பில்தான் அறுந்து போகிறது. கூரை சுவரோடும், சுவர் அடிச்சட்டத்தோடும், அடிச்சட்டம் அஸ்திவாரத்தோடும் எப்படிப் பிணைக்கப்பட்டிருந்தன என்ற சங்கிலியை மேலிருந்து கீழாகச் சோதிக்க வேண்டும்.

கூரையில்: கைமரம் சுவரின் மேல்சட்டத்தோடு சாய்வாக அடித்த இரண்டு மூன்று ஆணிகளால் மட்டும் நின்றதா, உலோகப் பட்டை போட்டிருந்ததா? ஆணி வளையாமல் நேராக உருவி வந்திருந்தால் காற்றுக்கு அதிக வேலை இருந்திருக்காது. பட்டையே கிழிந்திருந்தால் கணக்கு வேறு.

அஸ்திவாரத்தில்: கான்கிரீட் தளத்தின் விளிம்பைச் சுற்றி நடந்து, அரை அங்குல போல்ட்டுகள் நீட்டிக்கொண்டிருக்கின்றனவா என்று பாருங்கள். அமெரிக்கக் குடியிருப்புக் கட்டட விதிப்படி அவற்றுக்கு இடையே உள்ள தூரம் 6 அடிக்கு மேல் போகக் கூடாது. இருந்தால் ஒவ்வொன்றின் தலையையும் பாருங்கள். நட் இருக்கிறதா? அதன் கீழே வாஷர் இருக்கிறதா? போல்ட் நேராக நின்று, நட்டும் இல்லாமல், மரை தேயாமல் பளிச்சென்று இருந்தால், நட்டை ஆரம்பத்திலேயே யாரும் மாட்டவில்லை. சட்டம் மேலே கழன்று போயிருக்கிறது. நட், வாஷர் இரண்டும் இருந்து, அவற்றின் அடியில் அடிச்சட்டத்தின் பிளந்த துண்டு இன்னும் சிக்கியிருந்தால், அல்லது போல்ட் வளைந்திருந்தால், மரமே உடையும் அளவுக்குக் காற்று இழுத்திருக்கிறது. போல்ட்டே இல்லாமல் கான்கிரீட்டில் அறைந்த ஆணிகளின் வரிசை மட்டும் தெரிவதும் உண்டு. சட்டம் பிடித்து நின்று, அதன்மேல் நின்ற செங்குத்துக் கட்டைகள் மட்டும் உருவிப் போயிருந்தால், பலவீனம் சுவரின் அடியில் இருந்திருக்கிறது. போல்ட் நல்ல நிலையில் இருப்பதை வைத்து வீட்டுக்கு மதிப்பெண் கூட்டக் கூடாது.

ஒரே தெருவில் எல்லாச் சுவரும் விழுந்த மூன்று வீடுகளை எடுத்துக்கொள்வோம். மூன்றும் வீட்டுக்கான பத்துச் சேதப்படிகளில் ஒன்பதாவது. முதல் வீட்டின் சுவர்கள் ஆணியில் மட்டும் நின்றவை. கீழ் எல்லையான 229-ஐ ஒட்டிய வேகம், இ.எஃப் 3. இரண்டாவது வழக்கமான கட்டுமானம், 274, இ.எஃப் 4-இன் அடிப்பகுதி. மூன்றாவதில் கூரை முதல் அஸ்திவாரம் வரை பட்டையும் போல்ட்டும் முறையாக இருந்தன. மேல் எல்லையான 319-ஐ நெருங்கலாம், இ.எஃப் 4-இன் உச்சி. தொலைவிலிருந்து எடுத்த படத்தில் மூன்றும் ஒரே குப்பைமேடு. வானிலிருந்து எடுத்த படத்தை மட்டும் வைத்து இணையத்தில் தரம் பிரிப்பவர்கள் தவறுவது இங்கேதான்.

சுற்றுப்புறத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தளம் துடைக்கப்பட்டிருக்கிறது, ஆனால் பத்தடி தள்ளி நிற்கும் செடி இலையோடு நிற்கிறது, கார் நகரவில்லை என்றால், வீடு எளிதில் கழன்றது என்றே பொருள். கராஜ் கதவு முதலில் உடைந்ததா என்று பாருங்கள். உடைந்தால் காற்று உள்ளே புகுந்து கூரையைக் கீழிருந்து தள்ளும், குறைந்த வேகத்திலேயே வீடு போகும். பக்கத்து வீட்டின் உத்தரமோ ஒரு லாரியோ வந்து மோதிய தடம் இருந்தால் அந்தச் சுவரைக் கணக்கில் சேர்க்காதீர்கள். நேரமும் ஒரு காரணி. 1997 மே 27 அன்று டெக்சஸின் ஜாரெல் ஊரைத் தாக்கிய எஃப் 5 டொர்னேடோ மிக மெதுவாக நகர்ந்தது. ஒவ்வொரு வீடும் நெடுநேரம் அரைபட்டது.

ஆறாம் படி: வீடே இல்லாத இடம்

மரங்களைப் பாருங்கள். வன்மரம் வேரோடு சாய எதிர்பார்க்கும் வேகம் 146 கி.மீ., தண்டு முறிய 177, பட்டை உரிந்து பெருங்கிளைகளின் முண்டுகள் மட்டும் எஞ்ச 230. மென்மரத்துக்கு இவை 140, 167, 211. ஈரமண்ணில் ஆழமற்ற வேரோடு நின்ற மரம் இதற்குக் குறைவாகவே சாயும். உள்ளே செல்லரித்த தண்டும் அப்படியே. முறிந்த இடத்தில் மரத்தின் உட்புறத்தைப் பார்க்காமல் எண் எழுதாதீர்கள்.

மரத்தின் மேல் எல்லை இவ்வளவுதான் என்பதால், காட்டிலும் வயலிலும் மட்டும் ஓடிய டொர்னேடோ எவ்வளவு வலுவாக இருந்தாலும் மேல் தரங்களை எட்டுவது கடினம். எதையுமே தொடாமல் போனால் இ.எஃப் யு, அதாவது தரம் தெரியாதது, என்று பதிவார்கள். இது இ.எஃப் 0 அல்ல. இரண்டையும் குழப்பக் கூடாது.

பட்டியலில் இல்லாத பொருளும் சில சமயம் சான்றாகும். 2025 ஜூன் 20 அன்று வட டகோட்டாவின் எண்டர்லின் அருகே ஒரு சரக்கு ரயில் டொர்னேடோவில் சிக்கியது. நிரம்பிய பெட்டிகள் கவிழ்ந்தன. காலியான தொட்டிப் பெட்டி ஒன்று தூக்கி எறியப்பட்டது. பெட்டியின் எடையும் வடிவமும் தெரியும் என்பதால் பொறியாளர்கள் அதற்கு வேண்டிய காற்றைக் கணக்கிட்டார்கள். முதலில் இ.எஃப் 3 என்றிருந்த தரம் அக்டோபரில் இ.எஃப் 5 ஆனது. 2013 மே 20-ல் ஓக்லஹோமாவின் மூர் நகரைத் தாக்கியதற்குப் பிறகு அமெரிக்காவில் பதிவான முதல் இ.எஃப் 5 இதுவே.

ஏழாம் படி: ஒரே எண்ணாக்குதல்

நூறு புள்ளிகள் பதிந்திருந்தாலும் டொர்னேடோவுக்கு ஒரே தரம்தான்: நம்பகமான புள்ளிகளில் மிக உயர்ந்தது எதுவோ அது. சராசரி எடுப்பதில்லை. ஆனால் அந்த உச்சப் புள்ளி தனித்து நின்றால் சந்தேகப்படுங்கள். அக்கம்பக்கத்துச் சேதமும் அதற்கு ஒத்துப்போக வேண்டும். இ.எஃப் 4-க்கு மேல் போகும்போது அனுபவமுள்ள பொறியாளர்களை அழைத்துக் கலந்துகொள்வது நல்லது. தரத்தோடு பாதையின் நீளம், அதிகபட்ச அகலம், தொடக்க முடிவு நேரங்கள், உயிரிழப்பு ஆகியவற்றையும் எழுத வேண்டும். முதல் நாள் அறிவிப்பு தற்காலிகமானது. மாதங்கள் கழித்தும் மாறலாம்.

ரேடார் வேகமும் தரமும் ஏன் ஒத்துப்போவதில்லை

2013 மே 31 அன்று ஓக்லஹோமாவின் எல் ரீனோ அருகே 4.2 கி.மீ. அகலத்துக்கு ஒரு டொர்னேடோ ஓடியது. லாரியில் ஏற்றிய நடமாடும் ரேடார் அதனுள் மணிக்கு ஏறத்தாழ 480 கி.மீ. வேகத்தைக் கண்டது. முதலில் இ.எஃப் 5 என்று அறிவித்துப் பிறகு இ.எஃப் 3-ஆகக் குறைத்தார்கள். அந்த வேகம் அடித்தது திறந்த வயல்வெளியில். சேதச் சான்று இ.எஃப் 3-க்கு மேல் போகவில்லை. 2024 மே 21-ல் அயோவாவின் கிரீன்ஃபீல்டைத் தாக்கியதிலும் இதே முரண்: நடமாடும் ரேடார் கணக்கில் 497 முதல் 512 கி.மீ., அதிகாரபூர்வத் தரம் இ.எஃப் 4, 298 கி.மீ.

ரேடார் காண்பது மிகக் குறுகிய கணத்தின் வேகம். அளவுகோல் கேட்பது 3 விநாடி வீச்சு. இது ஒரு காரணம். நடமாடும் ரேடார் பிடிக்கும் டொர்னேடோக்கள் ஆண்டுக்குச் சில மட்டுமே. அவற்றை மட்டும் வேறு முறையில் தரப்படுத்தினால் பல பத்தாண்டுப் பதிவுகளோடு ஒப்பிட வழியிருக்காது என்பது இன்னொன்று. இந்தக் காரணம் நியாயமானதே. ஆனால் விலையும் கொடுக்கிறோம். வானிலையாளர் ஜோசுவா வுர்மன் குழு 2021-ல் வெளியிட்ட ஆய்வின்படி, சேதத்தை வைத்துத் தரும் தரம் உண்மையான வலிமையைவிட சராசரியாக ஒரு படிக்கும் மேல் குறைவாக இருக்கிறது. ஆகவே ‘இ.எஃப் 2’ என்று படித்தால், ‘குறைந்தது இவ்வளவு’ என்று எடுத்துக்கொள்வதே சரி.

வேறு நாட்டில் அளப்பதென்றால்

கனடா 2013 முதல் இ.எஃப் முறையைத் தன் கட்டடங்களுக்கேற்ப மாற்றி, 31 சேதங்காட்டிகளோடு பயன்படுத்துகிறது. அங்கே 2007 ஜூன் 22-ல் மனிடோபாவின் ஈலி ஊரைத் தாக்கியதை எஃப் 4-லிருந்து எஃப் 5-ஆக உயர்த்த உதவியது வீடியோ: ஒரு வீடு முழுதாகக் காற்றில் பறப்பது அதில் பதிவாகியிருந்தது. ஜப்பான் தனக்கென்று உருவாக்கிக்கொண்ட ஒரு வடிவத்தை 2016 முதல் பயன்படுத்துகிறது.

அமெரிக்க அட்டவணையை அப்படியே எடுத்துப்போய் வேறு நாட்டு வீட்டின்மேல் வைக்கக் கூடாது. அது மரச்சட்ட வீடுகளுக்காகச் செய்தது. ஐரோப்பியக் கடும்புயல் ஆய்வகம் வகுத்த சர்வதேச ஃபுஜிட்டா அளவுகோல் இந்தச் சிக்கலை நேராகக் கையாளுகிறது: முதலில் கட்டடத்தின் உறுதி வகையைத் தீர்மானித்து, பிறகு சேதத்தின் அளவைச் சேர்த்துப் பார்க்கும் முறை அது. செங்கல் சுவரும் கான்கிரீட் கூரையும் உள்ள வீடுகளுக்கு அதுவே பொருத்தம். 1989 ஏப்ரல் 26 அன்று வங்கதேசத்தின் தௌலத்பூர், சதுரியா பகுதியில் அடித்த டொர்னேடோவில் சுமார் 1,300 பேர் இறந்தார்கள். உலகில் இதைவிட அதிக உயிரைக் குடித்த டொர்னேடோ பதிவில் இல்லை. அங்கே நின்றவை பெரும்பாலும் தகரமும் மூங்கிலும் மண்ணும் கொண்டு கட்டிய வீடுகள். அவை மிகக் குறைந்த காற்றிலேயே தரைமட்டமாகும் என்பதால், அந்த இடிபாட்டிலிருந்து காற்றின் உச்ச வேகத்தைக் கணக்கிட முடியாது.